முட்டியில் வெள்ளைப் பொடி

அந்தச் சுரங்கத்தில் அவரைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் கிடையாது. எல்லோருக்கும் அவர் பாயிண்ட். வயதில் மூத்தவர்களுக்கு வெறும் பாயிண்ட், இளையவர்களுக்கு பாயிண்ட் அண்ணன், மேனேஜருக்கு மிஸ்டர் பாயிண்ட். புதிதாக வந்த குமாஸ்தா ஒருநாள் பதிவேட்டைப் பார்த்து அவருடைய நிஜப் பெயரை உரக்க வாசிக்க, யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரும் திரும்பிப் பார்த்தாராம்.

பெயர் வந்த கதை பெரிய கதை இல்லை. அவர் வேலை காற்றைச் சோதிப்பது. நிலக்கரி இருக்கும் இடத்தில் ஒரு வாயுவும் இருக்கும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. சத்தம் போடாமல் கரியிலிருந்து கசிந்து, காற்றைவிட லேசானது என்பதால் கூரை ஓரமாகப் போய்ச் சேர்ந்துகொள்ளும். நூறு பங்கு காற்றில் அது ஐந்து பங்கு கலந்துவிட்டால் ஒரு பொறி போதும், அப்புறம் உள்ளே இருக்கிறவர்களைப் பற்றிப் பேச ஒன்றும் இருக்காது. அதனால் ஒன்றைத் தொட்டாலே வேலையை நிறுத்திவிட்டு ஆட்களை வெளியே அனுப்ப வேண்டும். நம்மவர் உள்ளங்கை அளவு மீட்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு இடம் இடமாகப் போவார். கூரையோரம் பிடிப்பார். அங்கே தொங்கும் கறுப்புத் தகரப் பலகையில் தேதி, நேரம், எண், கையெழுத்து எல்லாவற்றையும் சாக்பீஸால் எழுதுவார். பாயிண்ட் ரெண்டு. பாயிண்ட் மூணு. பாயிண்ட் ரெண்டு. இருபத்தாறு வருஷம் இதையே சொன்னால் வேறு என்ன பெயர் வரும்? வீட்டில் குழம்பை நக்கிப் பார்த்து, "உப்பு பாயிண்ட் ரெண்டு கம்மி" என்று சொல்லிவிட்டு மனைவியிடம் கரண்டியால் வாங்கிக் கட்டிக்கொள்ளும் மனிதர்.

ஆனால் கீழே அவர் எழுத்துக்கு இருந்த மரியாதை சாதாரண மரியாதை இல்லை. துளை போடுகிறவன், கரி வெட்டுகிறவன், குழாய் மாட்டுகிறவன் எல்லோரும் முதலில் அந்தப் பலகையைத்தான் பார்ப்பார்கள். அந்தச் சாய்ந்த கையெழுத்தைப் பார்த்தால் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வேலையில் இறங்குவார்கள். வேறொரு சோதனைக்காரர் எழுதியிருந்தால்கூட, "பாயிண்ட் வந்து பாத்தாரா?" என்று கேட்பவர்கள் உண்டு. போதாக்குறைக்குப் போன வருஷம் கூட்டம் போட்டு, இருபத்தாறு வருஷத்தில் உடம்புக்கு முடியவில்லை என்று ஒருநாள்கூட லீவு போடாதவர் என்று மேனேஜர் அவருக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார். அதைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியாயிற்று. வந்தவர்கள் எல்லோரும் அதை வாசித்துவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

சான்றிதழ் சுவரில் ஏறிய வேளையோ என்னவோ, வலது முட்டி வீங்க ஆரம்பித்தது.

மற்ற இடங்களுக்கெல்லாம் நடந்து போய்விடலாம். கடைசி இடம்தான் வம்பு. அதற்கு வால் என்று பெயர். வெட்டி முடித்த பழைய சந்து, உள்ளே ஒரு பழுதான பம்பு மட்டும் கிடந்தது. பம்பைக் கழற்றி வெளியே எடுத்துவிட்டால் வாயிலைச் சுவர் வைத்து மூடிவிடலாம் என்று பேச்சு. எப்படியும் மூடப்போகிற இடம்தானே என்று தானாகக் கத்தும் எச்சரிக்கைக் கருவியைக்கூட அங்கே மாட்டாமல் விட்டுவிட்டார்கள். வளைவு என்கிற இடம் வரை நிமிர்ந்து நடக்கலாம். வளைவிலிருந்து வாலுக்கு மேட்டில் ஏற வேண்டும், அதுவும் கூரை தாழ்ந்து போவதால் நாற்பது அடி தவழ்ந்துதான் ஏற வேண்டும். தரை முழுக்க வெள்ளைக் கல்பொடி தூவியிருக்கும். கரித்தூள் தீப்பிடித்துப் பரவாமல் இருக்க அந்தப் பொடி. தவழ்ந்து வருகிறவன் இரண்டு முட்டியிலும் மாவு பூசியது போல வெளியே வருவான்.

ஒருநாள் அந்த நாற்பது அடியின் வாயில் மண்டியிட்டபோது, முட்டிக்குள் யாரோ ஆணி அடித்தது போலிருந்தது. அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து மீட்டரைக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். பாயிண்ட் ரெண்டு. உள்ளே போனாலும் அதேதான் காட்டும். பதினோரு வருஷமாக வால் அதைத் தவிர வேறு எண்ணைக் காட்டியதில்லை. இன்றைக்கு மட்டும் என்ன புதிதாகக் காட்டிவிடப் போகிறது என்று அவர் நினைத்ததில் குற்றம் சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. நாளைக்குச் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பினார்.

மறுநாளும் ஆணி அடித்தது. மூன்றாம் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே ஒருமுறை உள்ளே தவழ்ந்து போனார். போன காரியம் காற்றைச் சோதிக்க இல்லை. ஆணியில் தொங்கிய பலகையைக் கழற்றி வெளியே கொண்டுவந்து வளைவில் மாட்டத்தான் போனார். பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. போன வேகத்தில் கை மீட்டர் பக்கமே போகவில்லை என்றால் நம்புவீர்களா? இருபத்தாறு வருஷப் பழக்கம், அன்றைக்குப் பார்த்து மறந்துபோனது. மறந்தது என்று அவர் சொன்னார். எனக்கென்னவோ, பலகையைத் திருடப் போனவனுக்கு மீட்டரைப் பார்க்கக் கூச்சமாக இருந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது.

பலகை ஏன் இடம் மாறியது என்று ஒருவரும் கேட்கவில்லை. பக்கத்தில் வந்தது எல்லோருக்கும் வசதியாகப் போய்விட்டது. அதன்பிறகு தினமும் வளைவில் நின்றபடியே மீட்டரை நீட்டி, பலகையில் பாயிண்ட் ரெண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் நடையைக் கட்டினார். மேலே போய் முட்டியைக் காட்டியிருக்கலாம். காட்டினால் டாக்டர் கீழே இறங்கக் கூடாது என்பார். கீழே இறங்காத பாயிண்ட் என்ன பாயிண்ட்? நாற்காலியில் உட்கார்ந்து கோப்பு அடுக்குகிறவர்கள் வரிசையில் தன்னையும் வைத்துப் பார்க்க அவருக்கு மனசு வரவில்லை. சாயங்காலம் மனைவி தைலம் தேய்க்கும்போது, "டாக்டரைப் பாருங்களேன்" என்பாள். "இதெல்லாம் ஒரு வலியா?" என்று அவர் காலை இழுத்துக்கொள்வார்.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வாலுக்குள் காற்று தானாகப் போகாது. வண்டிப் பாதையில் குறுக்கே ஒரு கனத்த திரை தொங்கும். வருகிற காற்று அதில் மோதித் திரும்பி மேடேறி வாலுக்குள் போய்வரும். தள்ளுவண்டிக்காரர்களுக்கு அந்தத் திரையைக் கண்டாலே ஆகாது. ஒவ்வொரு நடைக்கும் முகத்தில் அறையும். வண்டி போகும்போது தூக்கிக் கட்டுவார்கள், போனதும் இறக்கிவிடுவார்கள். அந்த வாரம் பாரம் அதிகம். யாரோ தூக்கிக் கட்டினார், யாரோ இறக்குவார் என்று விட்டுவிட்டார். திரை எட்டு நாளாகக் கட்டிய கட்டாகவே இருந்தது. காற்று வாலை எட்டிப் பார்க்காமல் நேராகப் போனது. வளைவில் அந்தக் காற்று வீசிக்கொண்டே இருந்ததால் மீட்டர் அங்கே நல்லபிள்ளையாக பாயிண்ட் ரெண்டு காட்டியது. நாற்பது அடி மேலே, மேட்டு உச்சியில், வாயு நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டிருந்தது.

பதினோராம் நாள் மதியம். நம்மவர் சுற்றை முடித்து மேலே வந்து, விளக்கறை ஜன்னலில் தலைவிளக்கையும் மீட்டரையும் வைத்தார். விளக்கறைக்காரர் பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார்.

"என்ன பாயிண்ட், வீட்ல விசேஷமா? மச்சானும் நீங்களும் ஒரே நாள்ல ஒரே பக்கம்."

"எந்த மச்சான்?"

"உங்க வீட்டம்மாவோட தம்பிதான். வெல்டரு. வாலுக்குள்ள பம்பு துருப்பிடிச்சு இறுகிக் கிடக்காம், கேஸ் வச்சு வெட்டி எடுக்கணும்னு சூப்பர்வைசர் அனுப்பியிருக்கார். இறங்கி முக்கால் மணி நேரம் ஆச்சு."

நம்மவர் சட்டென்று திரும்பினார். எதிரே வில்லைப் பலகை இருந்தது. கீழே இறங்குகிறவன் தன் எண் போட்ட பித்தளை வில்லையை அதில் மாட்டிவிட்டுத்தான் இறங்குவான், ஏறி வந்ததும் எடுத்துக்கொள்வான். மைத்துனனின் வில்லை தொங்கிக்கொண்டிருந்தது. கொஞ்சம் ஆடியது போலக்கூட அவருக்குத் தெரிந்தது.

"நெருப்பு வேலைன்னா நான் பக்கத்துல நிக்கணுமே. என்னைக் கூப்பிடவே இல்லையே?"

"நீங்க மேல வந்துக்கிட்டு இருந்தீங்களாம். சூப்பர்வைசர் போன்ல கேட்டார், போர்டுல என்ன போட்டிருக்குன்னு. உங்க மச்சான் வாசிச்சுச் சொன்னான், பாயிண்ட் ரெண்டுன்னு. நீங்க எழுதினா அப்புறம் என்ன, கல்வெட்டுதானே!"

அந்தக் கல்வெட்டுக்காரர் அதற்குள் ஓட ஆரம்பித்திருந்தார். ஓட்டம் என்று சொன்னால் முட்டி சிரிக்கும். ஒரு காலை இழுத்து, ஒரு காலைத் தட்டி, முற்றத்தைக் கடந்து கட்டுப்பாட்டு அறைக் கதவைத் தள்ளினார். அங்கே தொலைபேசிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு ஹலோ அக்கா என்று பெயர். நேரில் வந்தவரிடமும் ஹலோ சொல்லித்தான் ஆரம்பிப்பாள்.

"ஹலோ, சொல்லுங்கண்ணே. என்ன இப்படி மூச்சு வாங்குது?"

"வளைவுக்குப் போன் போடும்மா. சீக்கிரம்."

அவள் போட்டாள். மணி அடிப்பது ஒலிபெருக்கியில் கேட்டது. பத்து, பதினைந்து, இருபது. யாரும் எடுக்கவில்லை. வளைவில் இல்லை என்றால் வாலுக்குள் இருக்கிறான் என்று அர்த்தம். மைத்துனனுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. நேற்றுத்தான் ஒரு புது ரம்பம் இரவல் வாங்க வந்து, வாசலில் நின்று அக்காவிடம் வம்பு வளர்த்துவிட்டுப் போனான்.

"இன்னொரு தடவை போடு. கரண்டை நிறுத்து. எல்லாரையும் வெளிய வரச் சொல்லு."

"அண்ணே, விளையாடுறீங்களா? காரணம் எழுதாம நான் சுரங்கத்தை நிறுத்த முடியுமா? உங்க போர்டுலயே பாயிண்ட் ரெண்டுதானே இருக்கு?"

அந்த நொடியில் அவருக்கு ஒரு வழி தெரிந்தது. மீட்டரில் கோளாறு என்று சொல்லிவிடலாம். மானம் போகாது. ஆனால் மீட்டர் கோளாறு என்றால் விதிப்படி முதலில் மீட்டரைத்தான் சோதிப்பார்கள். விளக்கறைக்கு ஆள் போய், எடுத்துவந்து, வேறு மீட்டரோடு ஒப்பிட்டுப் பார்த்து, அது சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்வதற்குள் அரை மணி நேரம் போய்விடும். அந்த அரை மணி நேரத்தில் ஒரு பற்றவைப்பானைத் தட்ட எத்தனை தடவை முடியும்?

"அந்த போர்டு பொய்ம்மா," என்றார்.

"என்னது?"

"போர்டு பொய். நான் எழுதினதுதான், ஆனா பொய். பதினோரு நாளா நான் வாலுக்குள்ள போய்ப் பாக்கல. முட்டி வலி. வளைவுலயே நின்னு எழுதிட்டேன். பலகையை வளைவுக்குக் கொண்டுவந்து மாட்டினதும் நான்தான். உள்ள எவ்வளவு இருக்குன்னு எனக்குத் தெரியாது. தெரியவே தெரியாது. நிறுத்தும்மா!"

ஹலோ அக்காவின் கை அதற்கு முன்பே சிவப்புப் பொத்தானில் இருந்தது. மற்றொரு கையால் எல்லாத் தொலைபேசிகளையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்திருந்தாள் என்பது நம்மவருக்கு அப்புறம்தான் தெரிந்தது. அவர் சொன்னதைச் சுரங்கத்தில் போனை எடுத்த அத்தனை பேரும் கேட்டார்கள். கீழே இருந்த சூப்பர்வைசர், "நான் ஓடுறேன்" என்று மட்டும் சொன்னார். ரிசீவர் தொங்கவிடப்பட்டுச் சுவரில் மோதுகிற சத்தம் கேட்டது.

அவர் இருக்கும் இடத்திலிருந்து வளைவுக்குப் பதினைந்து நிமிஷம் ஆகும். அந்தப் பதினைந்து நிமிஷத்தை நம்மவர் எப்படிக் கழித்தார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. நாற்காலியை நகர்த்திப் போட்டார்கள், உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள், குடிக்கவில்லை. வீட்டுக்குப் போய் அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்ற ஒரே நினைப்பு. உன் தம்பியை என் சாக்பீஸ் கொன்றுவிட்டது என்று எந்த வாயால் சொல்வது? தரை அதிர்கிறதா என்று கால் இரண்டையும் அழுத்தி வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். வெளியே லாரி ஒன்று பின்பக்கக் கதவை டமாலென்று சாத்த, அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது.

வளைவின் தொலைபேசி மணி அடித்தது. ஹலோ அக்காவுக்கு அன்றைக்கு ஹலோ வரவில்லை.

"ஆள் இருக்கான்," என்றது சூப்பர்வைசரின் குரல், இரைத்துக்கொண்டே. "நல்லா இருக்கான். சிலிண்டர் வண்டி மேல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கான்."

"சாப்பிடுறானா?"

"டப்பாவைத் தொறந்து வச்சுக்கிட்டு. இன்னும் பத்தவைக்கவே இல்லையாம்."

நம்மவர் அப்போதுதான் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் முகத்தை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு வாய்விட்டு அழுதார். ஹலோ அக்கா எழுந்து வந்து, கொடுத்தும் குடிக்காத தண்ணீரைத் திரும்ப எடுத்து நீட்டினாள். அதை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "இன்னொண்ணு குடும்மா" என்றார்.

எல்லோரும் மேலே வந்த பிறகு, திரையை இறக்குவதற்கு முன்பே மீட்புக்குழு வாலுக்குள் நீளக் குழாயை விட்டுக் காற்றை இழுத்துப் பார்த்தபோது எண் வந்தது. ஐந்தரை. மேனேஜர் அதைக் காகிதத்தில் எழுதி, கொஞ்ச நேரம் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே அன்று அறுபத்து மூன்று பேர் இருந்தார்கள்.

விளக்கறை வாசலில் மைத்துனன் வில்லையை எடுத்துக்கொண்டு வந்தான். நம்மவர் அவன் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். திட்டுவதா கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார்.

"ஏன்டா போனை எடுக்கல? அடிச்சு அடிச்சு மணியே தேஞ்சு போச்சு!"

"எடுத்தா ஆரம்பிச்சியான்னு கேப்பாங்க மாமா. ஆரம்பிக்கலைன்னா ஏன்னு கேப்பாங்க. என்ன சொல்லச் சொல்றீங்க?"

"ஏன் ஆரம்பிக்கல?"

அவன் வில்லையைக் கையில் உருட்டினான். "நாலு நாளைக்கு முன்னாடி வீட்டுக்கு வந்தப்ப அக்கா துணி துவைச்சுக்கிட்டு இருந்தா. ரொம்ப சந்தோஷமா சொன்னா. 'உங்க மாமாவுக்கு அந்தத் தவழ்ற வேலையை எடுத்துட்டாங்க போலிருக்குடா, பேன்ட் முட்டி மூணு நாலு நாளா சுத்தமா வருது, தேய்க்குற வேலை மிச்சம்'னா. நானும் நல்லதுன்னு விட்டுட்டேன். இன்னைக்கு சூப்பர்வைசர் கேட்டப்பகூட போர்டை வாசிச்சு ஓகே சொல்லிட்டேன். அப்புறம் உள்ள போகலாம்னு குனிஞ்சு லைட் அடிச்சுப் பாத்தா, பொடி மேல புதுத் தடம் ஒண்ணையும் காணோம். ஒரு பக்கம் மட்டும் பழைய தடம், அதுவும் மூடிப்போயிருக்கு. இன்னைக்குத் தேதி போட்ட போர்டு வெளிய தொங்குது, உள்ள போன தடம் இல்ல. அக்கா சொன்னது ஞாபகம் வந்துச்சு. கையில இருந்த பத்தவைப்பானை டப்பாவுல போட்டு மூடிட்டேன்."

"அதைப் போன்ல சொல்ல வேண்டியதுதானே!"

"சொன்னா உங்களைக் காட்டிக்குடுத்த மாதிரி ஆயிடும்ல. நீங்க மறுபடி கீழ வருவீங்க, தனியா கேட்டுக்கலாம்னு உக்காந்துட்டேன்."

நம்மவருக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவர் தன் மானத்தைக் காப்பாற்றப் பலகையை மாற்றினார். இவன் அவர் மானத்தைக் காப்பாற்ற, தலைக்கு மேல் ஐந்தரையை வைத்துக்கொண்டு சோறு சாப்பிட்டான். இவன் உட்கார்ந்திருந்த நேரத்தில் வேறு யாராவது அந்த வழியாக வந்து உள்ளே போயிருந்தால்?

"இனிமே யாரா இருந்தாலும் காட்டிக்குடுத்துடுடா. நானா இருந்தா முதல்ல காட்டிக்குடு," என்றார்.

"சரி மாமா. ஆனா அக்காகிட்ட நீங்களே சொல்லிக்குங்க."

சொன்னார். கூடத்தில், சான்றிதழுக்குக் கீழே நின்று, ஒன்றையும் பூசி மெழுகாமல் சொன்னார். அவள் அசையாமல் கேட்டாள். கேட்டு முடித்ததும் எழுந்து போய்த் துவைக்கப் போட்டிருந்த அவருடைய பேன்ட்டை எடுத்து, முட்டி இரண்டையும் விரித்துப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. அதைக் கொண்டே அவர் முதுகில் நாலு வைத்தாள்.

"வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதா உங்களுக்கு? வலிக்குது. அஞ்சு எழுத்து. அதைச் சொல்ல இவ்வளவு கஷ்டமா?" என்று சொல்லிவிட்டு அவளும் அழுதாள். அன்றைக்குத் தைலம் தேய்க்கும்போது அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

விசாரணை நடந்தது. திரையைக் கட்டியது யார் என்று கடைசி வரை தெரியவில்லை. தள்ளுவண்டிக்காரர்கள் மொத்தமாகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். போனிலேயே அனுமதி கொடுத்த சூப்பர்வைசர், தப்பு தன்னுடையதுதான் என்றார். மைத்துனனுக்கு எச்சரிக்கை ஓலை ஒன்று வந்தது. நம்மவரைச் சில மாதம் வேலையிலிருந்து நிறுத்திவைத்து, இனிமேல் காற்றுச் சோதிக்கக் கூடாது என்று எழுதினார்கள். மேனேஜர் கடைசியில், "லீவே போடாத ஆளுக்கு ஏன் சான்றிதழ் குடுத்தோம்னு எனக்கு இப்ப வெக்கமா இருக்கு, மிஸ்டர் பாயிண்ட்," என்றார். அன்று வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக நம்மவர் அந்தச் சான்றிதழைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டார். சுவரில் ஆணி மட்டும் இருந்தது. ஒரு வாரம் கழித்து அவள் அதில் நாட்காட்டியை மாட்டினாள், டாக்டரிடம் போக வேண்டிய தேதியை வட்டம் போட்டு.

தண்டனைக் காலம் முடிந்ததும் அவரை விளக்கறைக்கு மாற்றினார்கள். நாற்காலி வேலைதான். போனால் செத்துவிடுவோம் என்று பயந்த அதே நாற்காலியில் உட்கார்ந்த முதல் நாள், பதினோரு நாள் பாரமும் சேர்ந்து இறங்கியது போல அவருக்கு அப்படி ஒரு நிம்மதி. காலை நீட்டிக்கொள்ள ஒரு முக்காலிகூடக் கொடுத்திருந்தார்கள். பழைய விளக்கறைக்காரருக்குப் பேச நிரந்தரமாக ஆள் கிடைத்ததில் பரம சந்தோஷம்.

அவர் இடத்துக்கு வந்தவர் நாற்பத்தைந்து வயதுக்காரர், அதற்கு முன் தள்ளுவண்டி ஓட்டியவர். வாலை மூடிவிட்டார்கள், ஆனால் தவழ்ந்து போக வேண்டிய சந்து இன்னும் இரண்டு உண்டு. தினமும் மதியம் அவர் ஜன்னலில் வந்து மீட்டரை நீட்டுவார். நம்மவர் மீட்டரை வாங்குவதற்கு முன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கீழே பார்ப்பார். இரண்டு முட்டியும் வெள்ளையாக இருக்கும். "சரி, போங்க," என்பார். வந்தவர்களுக்கெல்லாம் இது வேடிக்கையாகப் போய்விட்டது. கீழேயும் இப்போது வேலைக்கு இறங்குகிறவன் பலகையைப் பார்த்த கையோடு தரையையும் ஒரு பார்வை பார்த்துவிடுகிறான் என்று மைத்துனன் சொன்னான்.

மழைக்காலத்தில் ஒருநாள் அந்த மனிதர் வழக்கம்போல் வந்து மீட்டரை நீட்டினார். நம்மவர் தலையை நீட்டிப் பார்த்தார். கறுப்புப் பேன்ட், முட்டி இரண்டும் கறுப்பாகவே இருந்தன. வரிசையில் பின்னால் நான்கு பேர் நின்றிருந்தார்கள்.

"பாயிண்ட் மூணு," என்றார் வந்தவர், கண்ணைப் பார்க்காமல்.

நம்மவர் மீட்டரை வாங்கவில்லை. அந்தப் பொய் நாக்கில் எப்படி இருக்கும், தொண்டையில் எங்கே குத்தும் என்று அவருக்குத் தெரியாதா? ஜன்னலிலிருந்து எழுந்து, கதவைத் திறந்து வெளியே வந்து, வரிசைக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"எங்கப்பா வலிக்குது?"

அந்த மனிதர் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கையை இடுப்புக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"இடுப்புண்ணே. நேத்துலேருந்து குனியவே முடியல."

"சொல்லிட்டீங்கல்ல, முடிஞ்சது. உள்ள வந்து உக்காருங்க," என்று தன் நாற்காலியைக் காட்டினார் நம்மவர். தொலைபேசியை எடுத்துக் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டு, "அம்மா, அந்த ரெண்டு சந்துக்கும் ஆள் யாரும் போக வேண்டாம்னு சொல்லு. இன்னைக்கு இன்னும் பாக்கல. வேற ஆளை அனுப்பணும்," என்றார்.

"ஹலோ, சரிண்ணே," என்றாள் ஹலோ அக்கா, ஏன் என்று கேட்கவில்லை.

அவர் ரிசீவரை வைத்துவிட்டு, முக்காலியையும் இழுத்து அந்த மனிதரின் காலடியில் போட்டார். பிறகு வரிசையைப் பார்த்து, "யாருக்கு விளக்கு வேணும்?" என்று கேட்டார்.